ஆறே முக்கால் மீட்டர்

கோட்டுக்காரருக்குக் கோணல் என்றால் ஆகாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால், எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். பஸ்ஸில் போகும்போது ரோட்டுக் கோடு நெளிந்திருந்தால் போதும், "இதை எவன் போட்டான்? படுத்துக்கிட்டே போட்டானா?" என்று பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார். பாவம், அந்த மனிதர் மார்க்கெட்டுக்குப் போகிறவராக இருப்பார்.

ரோட்டுக் கோடு, வண்டி நிறுத்துமிடத்துக் கட்டம், கிடங்குகளின் நடைபாதை, பள்ளிக்கூட மைதானம் எல்லாம் அவர் கைதான். நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் தரையில் வெள்ளையாக ஒரு தடம் விழும். அதன் இரு பக்கமும் ஒட்டுப்பட்டை ஒட்டி, நடுவில் பெயின்ட்டை இழுத்து, காய்வதற்குச் சற்று முன்னால் பட்டையை உரிக்க வேண்டும். முந்தினால் வழியும், பிந்தினால் பெயின்ட்டும் சேர்ந்து பிய்ந்துவரும். அந்த நேரம் அவருக்கு விரல் நுனியில் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஒரு தடவை போட்ட கோட்டை மறுதடவை அளந்து பார்க்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. "அவர் போட்டா அளக்க வேண்டாம்" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்பதில் அவருக்கு அப்படியொரு சுகம். சாப்பாட்டைவிட அதில்தான் அவருக்கு வயிறு நிறையும்.

வீடு பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை முழுக்க வெந்நீர் ஆவியில் நின்று படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள், வீட்டுக்கு வந்தும் கை நிற்காமல் கண்ணில் பட்டதை எல்லாம் நாலாக மடித்துவிடுவாள். "எங்கப்பா நேராக்குவாரு, எங்கம்மா மடிப்பாங்க, நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்" என்று மகள் சிரிப்பாள். ஒரே மகள். பதினைந்து வயசு. கைகள் நீளம், வாய் அதைவிட நீளம். கூடைப்பந்து என்றால் உயிர்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிமென்ட் தளம் போட்டு இரு பக்கமும் கம்பம் நட்டபோது, கோடுகள் போட்டுத் தந்தவர் கோட்டுக்காரர்தான். விளையாட்டு மாஸ்டர் ஒரு தாளில் அளவுகளை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் பெரிய வேலை மூன்று புள்ளி வளைவு. கூடையிலிருந்து ஆறே முக்கால் மீட்டர் தள்ளி அரைவட்டமாகப் போகும். அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, உள்ளே நின்று போட்டால் இரண்டு. ஆணி அடித்து, நூல் கட்டி, மறுமுனையில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரே மூச்சில் சுற்றி வந்த வளைவு அது. தன் கைவேலையிலேயே அதற்கு இணை இல்லை என்பது அவர் நினைப்பு.

மகள் அந்த வளைவின் உச்சியில் நின்றுதான் வளர்ந்தாள். காலையில் நூறு, மாலையில் நூறு. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தலையும் பந்தும் மட்டும் சுவருக்கு மேலே வந்து வந்து போகும்.

"எப்பவாச்சும் கீழ குனிஞ்சு கோட்டைப் பாக்கிறியா நீ?" என்று ஒருநாள் கேட்டார்.

"எதுக்குப்பா? கால் சொல்லும்."

அந்தப் பதிலை அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பக்கத்துப் பக்கத்து நாடுகள் நான்கு சேர்ந்து, பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்துகிற கோப்பைப் போட்டி இந்தத் தடவை இங்கே என்று முடிவானது. பெரிய உள்ளரங்கில் மரத்தரை மாற்றுகிற வேலை ஓடிக்கொண்டிருந்ததால், நாட்டு அணிக்கான தேர்வைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே வைத்தார்கள். மாஸ்டரையே அணிக்கும் பயிற்சியாளர் ஆக்கினார்கள். தூரத்திலிருந்து போடுகிறவளுக்கு ஒரே ஓர் இடம். ஆளுக்கு இருபது எறிதல்.

கோட்டுக்காரரின் மகள் இருபதில் பதினான்கு போட்டாள். அடுத்து வந்தவள் வேறு ஊர்ப் பெண். ஆள் நெடுநெடு என்று இருந்ததால் அவளை எல்லாரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். அவள் கோட்டை ஒட்டி நிற்கவில்லை. ஓர் அடிக்கு மேல் பின்னால் தள்ளி நின்றாள்.

"முன்னால வாம்மா. கோடு ஒண்ணும் கடிக்காது" என்றார் மாஸ்டர்.

முன்னால் வந்து போட்டாள். பந்து வளையத்தைத் தாண்டிப் போய்ப் பலகையில் முட்டித் திரும்பியது. இன்னொன்றும் அப்படியே. மறுபடி பின்னால் போய்விட்டாள். இருபதில் பன்னிரண்டு. முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கோட்டுக்காரரிடம் வந்தாள்.

"மாமா, நீங்கதான் கோடு போட்டதுன்னு சொன்னாங்க. கொஞ்சம் கிட்ட இருக்கிற மாதிரி தெரியுது. ஒரு தடவை அளந்து பாக்கலாமா?"

சுற்றிலும் பெற்றோர்கள், பிள்ளைகள், தேர்வுக் குழு. இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"இந்தக் கோட்டை அளக்கிற டேப்பு இன்னும் கடைக்கு வரலைம்மா."

கொல்லென்று சிரிப்பு. மாஸ்டர் சிரித்தார், குழு சிரித்தது, மகளும் சிரித்தாள். நெட்டைப் பெண்ணின் காது மடல் சிவந்துபோனது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது உள்ளரங்கில் புது மரத்தரைக்குக் கோடு போடக் கோட்டுக்காரரை அழைத்தார்கள். வேறு யாரை அழைப்பார்கள். அளவுகளைச் சரிபார்க்கப் பக்கத்து நாட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். முன்னாளில் ஆடியவர், இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். பேச்சு நம் பேச்சுதான், இழுப்புதான் வேறு.

ஓரக்கோடுகள் எல்லாம் முடிந்து வளைவுக்கு வந்தார்கள். கோட்டுக்காரர் நூலில் தொங்கும் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு ஏணியைப் பலகைக்குக் கீழே நிறுத்தினார்.

"போர்டுல இருந்து குண்டு விட்டு ஆறே முக்கால். அவ்வளவுதானேம்மா? நூலைப் பிடிங்க."

அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போர்டுல இருந்தா?"

"கூடைன்னா போர்டுதானே?"

"பந்து போர்டுக்குள்ளயா தம்பி விழுது? வளையத்துக்குள்ள விழுது. வளையத்துக்கு நட்ட நடுவுல இருந்து விடணும். ரெண்டு நூலைக் குறுக்கால கட்டுங்க, சேர்ற இடத்துல குண்டைத் தொங்கவிடுங்க."

கட்டினார். தொங்கவிட்டார். குண்டு கொஞ்சநேரம் ஆடி, பிறகு அசையாமல் நின்றது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் சும்மா பார்ப்பதுபோல, பலகையின் முகத்திலிருந்தும் குண்டைவிட்டு இன்னொரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே டேப்பை நீட்டினார். முப்பத்தேழரை சென்டிமீட்டர்.

அவருக்கு அன்றைய நாள் அப்படியே கண்முன் வந்தது. பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட அன்று கம்பமும் பலகையும் மட்டும்தான் இருந்தன. வளையங்களைப் பலகையில் பொருத்துகிற தட்டு விரிசல் விட்டிருந்ததால் வெல்டிங் கடைக்குப் போயிருந்தன. மூன்று நாள் கழித்துத்தான் வந்து மாட்டினார்கள். அதற்குள் அவர் பலகையிலிருந்து குண்டுவிட்டு, அளந்து, வளைத்து, பெயின்ட் காய்ந்து, பாராட்டும் வாங்கி முடித்திருந்தார். வளையம் வந்த பிறகு ஒருவரும் அளக்கவில்லை. அவர் போட்டால் எதற்கு அளப்பது?

ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு கிட்டத்தில் நின்றுதான் மகள் இரண்டு வருஷமாகப் பந்து போட்டிருக்கிறாள். அவ்வளவு கிட்டத்தில் நின்றுதான் தேர்வாகியிருக்கிறாள். பின்னால் தள்ளி நின்றவள் நின்றதுதான் சரியான இடம்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி, தலை சுத்துதா? ஏணியில ஏறினா சிலருக்கு அப்படித்தான்" என்றார் அம்மாள்.

"இல்லம்மா. வெக்கை."

உள்ளரங்கின் வளைவை மில்லிமீட்டர் பிசகாமல் போட்டார். அம்மாள் மூன்று இடத்தில் அளந்து பார்த்து, "நல்ல கை தம்பி" என்றார். அந்த மூன்று சொல்லும் அன்று அவருக்குக் கசந்தன.

வீட்டில் சோறும் முட்டைக்குழம்பும். மகள் பந்தை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"அப்பா, உள்ளரங்குல நம்ம கோடு மாதிரியே போட்டீங்களா?"

"ம்."

"அப்ப அது நம்ம வீட்டு வாசல் மாதிரிதான்."

"என்னங்க, குழம்பை ஊத்திட்டு அப்படியே வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. "உப்பு கூடிப்போச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எப்படி ஆரம்பிப்பது? ‘அளந்தேன்’ என்று ஆரம்பிக்க வேண்டும். தன் கோட்டைத் தானே அளந்தேன் என்று அவர் வாயால் எப்படி வரும்?

யாருக்கும் சொல்லாமலே சரிசெய்துவிட ஒரு வழி தோன்றியது. மறுநாள் விடிந்ததும் பெயின்ட் டப்பா, பிரஷ், நூல், சுண்ணாம்புப் பொடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். பழைய வளைவைச் சிமென்ட் நிறப் பெயின்ட்டால் மூடிவிட்டுச் சரியான இடத்தில் புதிதாகப் போட்டுவிட்டால், அரங்கு திறக்கும்வரை ஒரு வாரமாவது பிள்ளைகள் சரியான தூரத்தில் பழகிக்கொள்வார்கள். கேட்டால் புது அளவு வந்திருக்கிறது என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் மாஸ்டர் அவருக்கு முன்பே வந்திருந்தார். பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அட, அண்ணே!" என்று கையை விரித்தார் மாஸ்டர். "நானே சொல்லணும்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க. மங்கிப்போன கோட்டுக்கு மேல ஒரு பூச்சு குடுக்கத்தானே? ஏய் பிள்ளைங்களா, பாருங்க, இதுதான் பொறுப்பு! நாட்டுக்காக இந்த மனுசன் விடிகாலையில டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு."

பெண்கள் கைதட்டினார்கள். மகள் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள்.

கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். வந்த வார்த்தை, "ஆமா மாஸ்டர், மங்கிப்போச்சுல்ல" என்பதுதான்.

முட்டிபோட்டு உட்கார்ந்து, பழைய வளைவின் இரு பக்கமும் பட்டை ஒட்டினார். அதே கோட்டின்மேல், அதே இடத்தில், பளீரென்று வெள்ளை இழுத்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாலாவது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முதல் கோடு தெரியாமல் போட்டது. இந்தக் கோடு தெரிந்தே போட்டது. பட்டையை உரிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. பிரஷ்ஷைக் கழுவிய தண்ணீர் பால்போல ஓடிக் காய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவர் வெகுநேரம் குந்தியிருந்தார்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு அணியை உள்ளரங்குக்குள் விட்டார்கள். அன்று மாலை மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, அங்க ரிங் ரொம்பத் தூரமா தெரியுது. பத்து போட்டா நாலுதான் விழுது. பந்து போய்ச் சேரவே மாட்டேங்குது."

"மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"கூரை உயரமா இருக்குல்ல, அதனால அப்படித் தெரியும், பழகிரும்னாரு. நிஜமாவாப்பா?"

அவள் அவரையே பார்த்தாள். மாஸ்டர் சொன்னதைவிட அப்பா சொல்வதில் அவளுக்கு நம்பிக்கை. அளவு விஷயமாயிற்றே.

"ஆமாம்மா" என்றார். "கூரை உயரம்."

அன்றிரவு அவர் படுக்கப் போனபோது, செத்துப்போயிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அப்படியெல்லாம் யாரும் செத்துவிடுவதில்லை. காலையில் எழுந்து பல் துலக்கினார்.

முதல் இரண்டு ஆட்டத்தையும் பெண்கள் ஜெயித்தார்கள். மகள் குனிந்து குனிந்து கோட்டைப் பார்த்துத் தள்ளி நின்று போட்டாள். பாதி சேரவில்லை. மாஸ்டர் அவளை உள்ளே புகுந்து ஆடச் சொன்னார். அதுவும் அவளுக்கு வந்தது, எப்படியோ சமாளித்தாள்.

இறுதி ஆட்டம் பக்கத்து நாட்டோடு. அரங்கு பிதுங்கியது. கோட்டுக்காரரும் மனைவியும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். மனைவி கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி நிமிஷம் வரை ஒட்டி ஒட்டி வந்த கணக்கு, முடிய நான்கு நொடி இருக்கும்போது மூன்று புள்ளி குறைவில் நின்றது. ஒரு மூன்று விழுந்தால் சமன். பந்து வளைவின் உச்சியில் நின்ற மகள் கைக்கு வந்தது. எதிராளி இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். குனிந்து பார்க்க நேரம் இல்லை. அவள் ஓர் எட்டு எடுத்து வைத்து நின்றாள். இரண்டு வருஷமாக நின்ற இடத்தில் கால் தானாகப் போய் நின்றது. பந்தை எறிந்தாள்.

பந்து வலையைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. அரங்கே எழுந்து கத்தியது. மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதமும் முழுசாகக் கோட்டுக்கு உள்ளே இருந்தன.

நடுவர் இரண்டு விரலைக் காட்டினார்.

ஒரு புள்ளியில் தோல்வி. பக்கத்து நாட்டுப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுது சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "கண்ணு எங்கய்யா வச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு? அம்மாம் பெரிய கோடு தெரியலையா?" என்று இரைந்தார். மகள் அந்த இடத்தைவிட்டு நகராமல், தன் காலையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளே எல்லார் போனிலும் அந்தக் காட்சி வந்துவிட்டது. அவள் காலைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘ரெண்டு பாயிண்ட்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அவள் போக மறுத்து வீட்டிலேயே கிடந்தாள்.

டீக்கடையில் கோட்டுக்காரருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. கோடு கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றார் ஒருவர்.

"அப்பா போட்ட கோடு பொண்ணு கண்ணுக்குத் தெரியல பாருங்க" என்றார் இன்னொருவர். "சின்னப் பிள்ளைதானே, விடுங்க. திட்டாதீங்க."

"இவர் திட்டுவாரா? தங்கமான மனுசன்."

தங்கமான மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் வைதிருந்தால் நின்று வாங்கியிருப்பார். இந்தப் பரிவு அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அப்படியே மூன்று நாள் ஓடியது.

நாலாம் நாள் சாயங்காலம், மனைவி சலவைக்கூடத்திலிருந்து வந்து மகளின் ஆட்டச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். மகள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"எனக்கு ஒண்ணு புரியல. நான் எப்பவும் கீழ பாக்கிறதில்ல. கால் சொல்லும். அன்னைக்கும் சொல்லுச்சு, வெளியதான் நிக்கிறேன்னு. சத்தியமா சொல்லுச்சுப்பா. இப்ப எனக்கு என் காலை நம்ப முடியல. வாசப்படி இறங்கும்போதுகூடக் குனிஞ்சு பாத்துத்தான் இறங்குறேன்."

அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. எழுந்து போய் டேப்பையும் தூக்குக்குண்டையும் எடுத்தார்.

"வா. மைதானத்துக்குப் போலாம்."

"நான் வரல. யாராச்சும் பாப்பாங்க."

"பாக்கட்டும். வா."

மைதானம் காலியாக இருந்தது. தூறல் விட்டு ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. ஏணியை நிறுத்தி அவளை ஏறச் சொன்னார். வளையத்தின் குறுக்கே இரண்டு நூலைக் கட்டி, நடுவில் குண்டைத் தொங்கவிடச் சொன்னார். அவள் ஒன்றும் புரியாமல் சொன்னபடி செய்தாள். கீழே குண்டு நின்ற இடத்தில் அவர் டேப்பின் கொக்கியை வைத்து அழுத்திக்கொண்டார்.

"இறங்கி வந்து அந்த முனையைப் பிடி. கோட்டோட வெளி ஓரத்துக்குப் போ. எவ்வளவு காட்டுது, படி."

"ஆறு மீட்டர்..." என்று படித்தாள். குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். "முப்பத்தேழரை. ஆறே முக்கால் இல்லையே. நூல் கோணலா இருக்காப்பா?"

"நூல் சரிதான். கோடுதான் தப்பு. அன்னைக்கு ரிங் இல்லம்மா, வெல்டிங்குக்குப் போயிருந்துச்சு. நான் போர்டுல இருந்து அளந்துட்டேன். உன் கால்மேல தப்பே இல்ல. உன் கால் சொன்னது இந்தக் கோட்டை. நான் போட்ட கோட்டை."

அவள் டேப்பை விடவில்லை. அவளுக்கு நிம்மதி வந்துவிடும், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று அவர் எங்கேயோ ஓர் ஓரத்தில் நினைத்திருந்தார்போலும்.

"எப்பப்பா தெரியும் உங்களுக்கு?"

"உள்ளரங்குல கோடு போட்டப்ப."

"போட்டிக்குப் பத்து நாள் முன்னாலயேவா?"

"ஆமா."

"ரிங் தூரமா தெரியுதுன்னு நான் வந்து கேட்டேனே, அப்ப?"

"தெரியும்."

"இது..." என்று காலடியில் பளிச்சென்று கிடந்த வெள்ளையைக் காட்டினாள். "புதுசா தீட்டுனீங்களே. நாங்க கைதட்டினோமே?"

அவரால் ‘தெரியும்’ என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் டேப்பை விட்டாள். அது சரசரவென்று ஓடிவந்து அவர் விரலில் அடித்துச் சுருண்டது. விரலில் ரத்தம் கசிந்தது. அவள் பார்த்தாள், பக்கத்தில் வரவில்லை.

வீட்டில் மனைவியிடம் அவரே சொன்னார். கேட்டு முடிக்கும்வரை அவள் எதையும் மடிக்கவில்லை.

"தப்பா அளந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க" என்றாள். "மனுசன்னா தப்பு வரும். மூணு நாளா பிள்ளை தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்துச்சே, அதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க சோத்தை அள்ளிச் சாப்டீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், மாஸ்டர் அனுமதியோடு, மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் நின்று சொன்னார். மைக் வேண்டாம் என்றார். பிறகு பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று மாஸ்டரே மைக்கை நீட்டினார். "கோடு தப்பு. போட்டது நான். தெரிஞ்ச பிறகும் சொல்லாம அதுமேலயே பெயின்ட் அடிச்சவனும் நான். அந்தப் பிள்ளை கால்மேல குத்தமில்ல." யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அளக்காமல் விட்டதும் அதில் சேர்த்திதான் என்பது அவருக்கு உறைத்திருக்கும். டீக்கடையில் அன்று யாரும் இடம் ஒதுக்கவில்லை. அது கொஞ்சம் லேசாக இருந்தது.

சாயங்காலம் மகள் வந்து வாசலில் நின்றாள். ஒரு நாள் முழுக்க அவரிடம் பேசாதவள்.

"நெட்டையக்காகிட்ட யார் சொல்றது?"

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

"நானும் வர்றேன். நானும்தான் சிரிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஜன்னலோரம் மகள். பக்கத்தில் அவர், இடுப்பில் டேப்போடு. வேலைக்குப் போகாவிட்டாலும் அதை மாட்டிக்கொண்டு கிளம்புவது பழக்கம். ரோட்டில் கோடுகள் நெளிந்து போயின. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த தேர்வுக்கு அவள் பெயரை எடுத்துக்கொள்ளச் சொல்லி மாஸ்டரிடம் பேசிவிட்டேன், கோடு நானே சரியாகப் போட்டுத் தருகிறேன். இதைச் சொல்லி முடித்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும் என்று தோன்றியது.

நெட்டைப் பெண்ணின் அப்பா டயர் கடை வைத்திருந்தார். கடை முழுக்க ரப்பர் நெடி. அவர் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். பாதி கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அடுத்த தடவைன்னு சொல்றீங்க. அது ரெண்டு வருசம் கழிச்சு. அவளுக்குப் போன வாரம் பதினாறு முடிஞ்சிருச்சுங்க. வயசு தாண்டியாச்சு. இந்த ஒரு தடவைதான் இருந்துச்சு அவளுக்கு." கோபம் இல்லாமல், டயர் தேய்மானத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னார். "இருங்க, கூப்பிடுறேன்."

கோட்டுக்காரர் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்திலேயே சரிந்தது.

அவள் பின்கட்டிலிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். இவர்களைப் பார்த்ததும் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தாள். மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் இடுப்பில் தொங்கிய டேப்பைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து மகளுக்குப் போட்டாள். அவருக்குப் போடவில்லை.

"உக்காரு" என்றாள் மகளிடம். "வீடியோ பாத்தேன். உன் கால் எங்க நின்னுச்சுன்னு பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு."

மகள் உட்காராமல் அழத் தொடங்கினாள். நெட்டைப் பெண் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு கோட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள்.

"டேப்பு கடைக்கு வந்துருச்சா மாமா?"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் மைக்கில் பேசியவர், இந்த ஒரு பெண்ணின் முன்னால் இடுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சும்மா" என்றார். அவருக்கே அது கேட்டதா என்று தெரியவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னார்.